பச்சைக் கோடு வைத்த நட்டு

சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் விரலில் கிரவுன் ஆயில் நாறுகிறது. சீயக்காய், மண்ணெண்ணெய், துணி சோப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தாகிவிட்டது. "ரிட்டயர் ஆனா இந்த நாத்தம் வூட்ட வுட்டுப் போவும்னு பார்த்தேன், போவல" என்று என் வீட்டுக்காரி தட்டைத் தள்ளி வைக்கிறாள். கந்தகமும் அழுகின பூண்டும் கலந்த மாதிரி இருக்கும் அந்த நாற்றத்தை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. பஸ் டிப்போவில் நாம் இரண்டு பேரும் அந்தக் கையோடுதான் டிஃபன் டப்பாவைத் திறந்தோம். ஆனால் இந்தத் தடவை அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊறிப்போன மரத்தின் வாசனை. அது எப்படி அங்கே வந்தது என்று உனக்குத்தான் முதலில் தெரியும். எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. நீ உயிரோடு இருந்திருந்தால் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். திருச்சானூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துச் சித்தூருக்கு வந்து உன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

உன் மகள் மஞ்சுளா போன் பண்ணினாள். பெங்களூரில் அவர்கள் வாங்கிய வீட்டில் கார் நிறுத்த இடம் இருக்கிறதாம். முருகம்பட்டு வீட்டை வாடகைக்கு விடப்போகிறார்கள்; கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் உன் காரை அவளே எடுத்துக்கொண்டு போகிறாளாம். லாரியில் ஏற்றி அனுப்பலாம் என்று அவள் புருஷன் சொல்லியிருக்கிறான். இவள் கேட்பாளா, உன் பெண் ஆயிற்றே. "நைனா வண்டிய நானே ஓட்டிக்கினு போறேன் மாமா. ஆனா நீங்க வந்து கிரவுன் ஆயில் மாத்தின அப்பாலதான் வண்டிய எடுக்கணும்னு நைனா சொல்லிட்டுப் போயிருக்காரு. எப்ப வர்றீங்க?" என்றாள்.

சித்தூரிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவள் மொகிலி மலைப்பாதையில் ஏறித்தான் ஆகவேண்டும். அந்த வளைவுகளில் நின்றுபோன பஸ்களை மீட்க பிரேக்டவுன் வேனில் நாம் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். பின்னாலேயே சரக்கு லாரிகள் உறுமிக்கொண்டு வரும். அந்த இடத்தில் ஒரு வண்டியின் பின் அச்சு திடீரென்று இறுகிக்கொண்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அதனால் அவளிடம் மறுநாளே வருகிறேன் என்றேன்.

அந்தக் காரை நீ முதன்முதலில் எனக்குக் காட்டியபோது அதற்குள் கோழி அடைந்து கிடந்தது. மாங்கூழ் ஆலை முதலாளி ஒருவரின் தோப்பில், பழைய ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்தக் காலத்துச் சீமைப் பந்தயக் கார். மூக்கு நீளம், கூரைக்குத் துணி, துணியையும் எலி தின்றிருந்தது. உன் மேல் இருந்த பிரியத்தில் அவர் அதை உனக்கே கொடுத்துவிட்டார். அதை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்த அன்று, டிப்போ ஆட்கள் வாசலுக்கே வந்து நின்றார்கள். "அரவ ஜோடி வச்சிந்திரோய்!" என்று கத்தினார்கள். அரவ ஜோடி வந்தாச்சாம்; தமிழ் பேசுகிற நம் இரண்டு பேரையும் தெலுங்குக்காரர்கள் கூப்பிடுகிற கேலிப் பெயர் அது. நீ முதலமைச்சர் மாதிரி கையசைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருவேன். இன்ஜின் உன் வேலை, கிரவுன் என் வேலை. புத்தகத்தில் டிஃபரன்ஷியல் என்று போட்டிருக்கும். நமக்கு அது எப்போதும் கிரவுன்தான். இன்ஜினிலிருந்து வருகிற சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் உருள வழிவிடுகிற பல்சக்கரப் பெட்டி. டிப்போவில் நான் கிரவுன்காரன், நீ இன்ஜின்காரன். ஒருவன் பாகத்தில் மற்றவன் கை வைப்பதில்லை. நட்டைக் கடைசியாக முடுக்கியவன் தன் நிறத்தில் ஒரு கோடு இழுத்து வைக்கவேண்டும் என்பது டிப்போ வழக்கம். கோடு பாதி நட்டிலும் பாதி இரும்பிலும் விழும். நட்டு அசைந்தால் கோடு முறியும். எனக்கு மஞ்சள், உனக்குப் பச்சை. கோளாறு வந்தால் யார் கை என்று கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. "வாய் பொய் சொல்லும் மச்சான், பெயின்ட் சொல்லாது" என்பாய்.

போன வாரம் உன் கொட்டகையில் காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பழைய கோணியை விரித்து அடியில் படுத்தேன். மஞ்சுளா டார்ச் பிடித்தாள். ஆயிலை இறக்குகிற நட்டைத் தொடுவதற்கு முன்னால் ஊற்றுகிற நட்டைத் திறந்து பார்க்கவேண்டும். அது துருவேறி மாட்டிக்கொண்டால், இருக்கிற ஆயிலையும் இறக்கிவிட்டு முழித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் டார்ச்சை முதலில் மேல் நட்டுக்குத்தான் காட்டச் சொன்னேன். வருஷத்து அழுக்கைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன்.

என் மஞ்சள் கோடு முறிந்து, நட்டில் பாதியும் இரும்பில் பாதியுமாகத் தள்ளித் தள்ளி நின்றது. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு. பச்சை.

அந்தப் பச்சையை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தேன். "இன்னா மாமா, நட்டு வரலியா?" என்று மஞ்சுளா கேட்டாள். வரும் என்றேன். ஆனால் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது நட்டு இல்லை, காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் குளம்.

நம் சண்டை உனக்கு மறந்திருக்காது. கார் முழுசாகச் சேர்ந்து முடிந்ததும் நீ தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து எனக்குப் போன் பண்ணினாய். "மச்சான், கோச்சிக்காத. பின்னாடி லேசா ஊளை கேக்குது" என்றாய். கிரவுனின் பல்லும் அதைச் சுற்றுகிற சின்னச் சக்கரமான பினியனின் பல்லும் சரியான இடத்தில் பதியாவிட்டால்தான் அந்த ஊளை வரும். அதாவது, செட்டிங் தப்பு. அதாவது, நான் தப்பு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எத்தினி பஸ்ஸுக்குக் கிரவுன் கட்டினவன் நான்! என் செட்டிங்ல ஊளையா? ஒன் காதுல கீது ஊளை" என்றேன். நீ சிரித்து மழுப்பினாய். "கண்ண ஒரு தபா டாக்டர்கிட்ட காட்டு மச்சான், காட்டறதுல இன்னா கொறஞ்சி போவுது" என்றாய். அதுதான் என்னை இன்னும் எரித்தது. போனை வைத்துவிட்டேன். பொங்கலுக்குக்கூட உன் வீட்டுக்கு வரவில்லை. நீ கூப்பிட்டால் எடுக்கவில்லை. என் கோபம் எப்படி என்று உனக்குத்தான் தெரியுமே.

மாமரங்களில் பிஞ்சு பிடிக்கிற சமயத்தில் ஒருநாள் காலையில் எங்கள் தெருவில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால் நீ. சிவப்புக் காரில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். திருச்சானூர் ஷேர் ஆட்டோக்காரர்கள் சவாரியை விட்டுவிட்டு உன்னைச் சுற்றி நிற்கிறார்கள். "ஏறு மச்சான்" என்றாய். ஏறினேன். பைபாஸில் வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிக் காட்டினாய். நான் தலையைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக் கேட்டேன். ஊளை இல்லை. பட்டுத்துணி இழுத்த மாதிரி இருந்தது.

"நீ சொன்னது சரி. கோளாறு என் காதுலதான்" என்றாய்.

எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு சந்தேகம் வந்து உட்கார்ந்தது. ஊளை இருந்தது என்று சொன்ன உன் காது லேசுப்பட்ட காது இல்லை. டிப்போ வாசலில் நுழைகிற பஸ்ஸின் சத்தத்தை வைத்தே வால்வு கோளாறு சொல்கிறவன் நீ. அப்படியானால் வேறு எவனையோ கூட்டிவந்து என் செட்டிங்கைப் பிரித்துச் சரிபண்ணியிருக்கிறாய். அந்த எண்ணம் வந்ததும் எனக்கு ஊளையே தேவலை என்று ஆகிவிட்டது. கேட்டேன். இல்லை என்றாய். மறுபடி கேட்டேன். "எவனும் கை வெக்கல மச்சான், வுடு" என்றாய்.

"அப்ப காணிப்பாக்கம் போலாம். வண்டிக்குப் பூசையும் ஆச்சி, நீ பிரமாணமும் பண்ணிடு" என்றேன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் காணிப்பாக்கத்துப் பிரமாணத்தை யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, திருட்டுப் பழி, எங்கும் தீராதது எல்லாம் கடைசியில் அந்தப் பிள்ளையார் முன்னால் வந்து நிற்கும். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு போய்ச் சொல்லவேண்டும். அங்கே பொய் சொன்னவன் நன்றாக இருக்கமாட்டான் என்பது எங்கள் ஊரிலும் உங்கள் ஊரிலும் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். முக்கால்வாசிப் பேர் குளத்தில் கால் வைக்கும்போதே உண்மையை ஒத்துக்கொண்டு கரையேறிவிடுவார்கள் என்றும் சொல்வார்கள்.

அன்றைக்குக் கூட்டம் குறைவு. ஒரு புது டிராக்டருக்கும் இரண்டு பைக்குக்கும் பூசை நடந்துகொண்டிருந்தது. நம் காருக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாய். அதோடு நான் விட்டிருக்கலாம். குளத்தைக் காட்டினேன். நீ சட்டையோடு இறங்கினாய். இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"போதும் வா மச்சான். இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"ஏன், பயமா கீதா?" என்றேன்.

நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினாய். தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போய், கைகூப்பி, எனக்குக் கேட்கிற மாதிரி தெளிவாகச் சொன்னாய். "கிரவுன் இவன் கட்டினபடியே கீது. யாரும் கை வெக்கல. சத்தியம்." நான் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து புளியோதரைப் பொட்டலம் வாங்கித் தின்றோம். உனக்குப் புரையேறியது. நான் முதுகில் தட்டிவிட்டேன். என்னைத் திருச்சானூரில் இறக்கிவிட்டு நீ போனபோது சட்டை காய்ந்திருந்தது, ஆனால் நீ காபிக்குக்கூட இறங்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

அந்த மாங்காய் சீசன் முடிவதற்குள் நீ போய்விட்டாய். தார்ப்பாய் போர்த்திய காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். இதயம் என்றார் டாக்டர். நான் அழுதேன், தோள் கொடுத்தேன், ஊருக்குத் திரும்பினேன். அதில் எனக்கு வேறு எந்தக் கணக்கும் அப்போது தோன்றவில்லை. தோன்றுவதற்குக் காரணமும் இல்லை, நீ உண்மையைத்தானே சொல்லியிருந்தாய்.

இப்போது சொல், அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

மேல் நட்டு வந்தது. கீழே தட்டை வைத்து, இறக்குகிற நட்டைத் தளர்த்தினேன். ஆயில் வரவில்லை. நட்டை முழுசாகக் கழற்றியும் வரவில்லை. குளிரில் உறைந்திருக்கும் என்று நினைக்க இது மார்கழியும் இல்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டுக் கிளறினேன். கேழ்வரகுக் களி மாதிரி கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது, பிறகு இன்னொன்று. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மரத்தூள். நைசாகச் சலித்த மரத்தூள்.

கெட்டுப்போன கிரவுனை விற்கிறவர்கள் செய்கிற வேலை அது. ஆயிலோடு மரத்தூளைப் பிசைந்து அடைத்துவிட்டால் பல்லுக்கிடையில் மெத்தை மாதிரி நின்று ஊளையை அடக்கிவிடும். கொஞ்ச தூரம்தான். அப்புறம் தூள் போய்ப் பேரிங்கில் அடைத்துக்கொள்ளும், ஆயில் போகவேண்டிய இடத்துக்குப் போகாது, சூடேறி ஒருநாள் இறுகிவிடும். டிப்போவுக்கு வெளியே எவனாவது இந்த வேலை பண்ணினான் என்று கேள்விப்பட்டாலே நீ காறித் துப்புவாய்.

நான் காருக்கடியிலிருந்து வெளியே வந்து மஞ்சுளாவிடம் கையைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். முகம் மாறியது.

"இது நைனா போட்டதா மாமா? ஒரு நாள் பக்கத்துத் தச்சுப் பட்டறையிலேர்ந்து தூள் வாங்கியாந்து சல்லடையில சலிச்சிக்கினு இருந்தாரு. இன்னாத்துக்கு நைனான்னு கேட்டேன். ஒங்க மாமாவுக்கு மருந்துன்னாரு. நான் ஏதோ நாட்டு வைத்தியம்னு நெனைச்சிக்கினேன்."

"அப்பால வண்டிய எவ்ளோ ஓட்டினாரு?"

"எங்க ஓட்டினாரு! ஒங்க வூட்டுக்கு வந்து, காணிப்பாக்கம் போய்ட்டுத் திரும்பினதுதான். மறுநாளே தார்ப்பாய் போட்டு மூடிட்டாரு. நான் லீவுல வந்தப்போ ஒரு ரவுண்டு போலாம்னு சாவி கேட்டேன், குடுக்கல. மாமா வந்து கிரவுன் ஆயில் மாத்தட்டும், அதுவரைக்கும் எவனும் தொடக்கூடாதுன்னு கத்தினாரு. நைனா என்கிட்ட கத்தினதே அன்னிக்குத்தான்."

நான் கோணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

சரி, முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உன்னை யார் எனக்கு மருந்து போடச் சொன்னது? நான் கத்துவேன், ஒரு வருஷம் பேசாமல் இருப்பேன், அவ்வளவுதானே? அதற்குப் பயந்து, கோழி எச்சத்திலிருந்து நீ கழுவி எடுத்த வண்டியை, பிள்ளை மாதிரி பார்த்த வண்டியை, ஒரே ஒரு தடவை என் வீட்டு வாசல்வரை ஓட்டி வந்து காட்டிவிட்டு மூடி வைத்துவிட்டாயே. அத்தோடு விட்டாயா? மூக்கைப் பிடித்துக்கொண்டு குளத்தில் முழுகி, அந்தப் பிள்ளையாரிடம் போய்ப் பொய் சொன்னாயே. என் ஒரு நாள் பெருமைக்கு இவ்வளவு விலையா? கேட்க நீ இல்லை என்பதால் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோபம் இறங்கினால் வருகிறது பாரு, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிரமாணம் பண்ணின பிறகு நீ எத்தனை தடவை போன் பண்ணினாய்! "ஒரு நாளைக்கு வந்து கிரவுன் ஆயில மாத்திட்டுப் போ மச்சான்." நான், "இப்பத்தானே ஊத்தினேன், ஆயிலுக்கு இன்னா கேடு? அவசரம் இல்ல" என்பேன். நீ சரி என்பாய். பத்து நாள் கழித்து மறுபடி கேட்பாய். எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. என்னடா இவன், புதுத் துணி வாங்கிய பிள்ளை மாதிரி அதையே பேசுகிறான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

நீ ஆயில் மாற்றக் கூப்பிடவில்லை. உன்னைப் பிடிக்கக் கூப்பிட்டாய். தூளைப் போட்டு நட்டை மூடினவன் மஞ்சள் டப்பாவை எடுத்து என் நிறத்திலேயே ஒரு கோடு போட்டிருந்தால் எனக்குச் சாகும்வரை தெரிந்திருக்காது; என் பெயின்ட் டப்பா உன் கொட்டகை அலமாரியில்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். நீ பச்சையை எடுத்தாய். அடியில் படுத்தால் முதலில் கண்ணில் படுகிற நட்டில், நான் என்றைக்காவது வந்து பார்ப்பேன் என்று இழுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாய். நான் வந்து, பார்த்து, காட்டுக் கத்தல் கத்தி, உன்னை மன்னித்து, இரண்டு பேருமாக மறுபடி அந்தக் குளத்துக்குப் போய்த் தப்பைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நீ அதற்குத்தான் காத்திருந்தாய் என்று நினைக்கிறேன். தப்பாகவும் நினைக்கலாம். ஆனால் வேறு எப்படியும் எனக்கு நினைக்க வரவில்லை.

என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அவருக்கு முன்னாடியே சுகர் இருந்திச்சி, பிரஷர் இருந்திச்சி. பிள்ளையாரு ஒரு நல்ல மனுஷன இப்பிடியா எடுத்துக்குவாரு? கண்டதையும் போட்டுக் கொழப்பிக்காத" என்றாள். நியாயமான பேச்சு. பகலில் நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சாமி அப்படிப்பட்டதாக இருக்காது என்று படித்தவன் மாதிரி வாதம் பண்ணிக்கொள்கிறேன். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நின்று நீ திரும்பிப் பார்த்ததற்கு எந்த வாதமும் பதிலாக வரவில்லை. நீ அப்போது கரையேற இடம் கேட்டாய். நான் "பயமா கீதா" என்று கேட்டேன்.

கிரவுனைக் கழற்றி வெளியே எடுத்தேன். மண்ணெண்ணெயில் போட்டுத் தூளையெல்லாம் கழுவினேன். பிரஷ் போட்டுப் போட்டு, மஞ்சுளா இரண்டு தடவை மண்ணெண்ணெய் மாற்றிக் கொடுத்தாள். நீ போன பிறகு என் பெண் என்னை இழுத்துக்கொண்டு போய் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் பண்ணிவைத்திருக்கிறாள். வெயிலில் வைத்துப் பல்லைப் பார்த்தேன். தேய்ந்த தடம் பல்லின் நடுவில் இல்லை, ஒரு ஓரத்தில் பளபளவென்று இருந்தது. டிப்போவில் புதிதாகச் சேர்ந்தவன்கூட அப்படிக் கட்டமாட்டான். முதலில் கட்டிய அன்றைக்கு, பல் எங்கே பதிகிறது என்று தெரிய நான் சாயம் தடவிப் பார்த்து, நடுவில்தான் பதிகிறது என்று உன்னிடம் அடித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. நீ அதைப் பார்த்திருப்பாய். என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பாய். ஊளை கேட்கிறது என்று நீ சொன்னதே மெதுவாகச் சொன்ன சொல்தான்.

திருப்பதியில் பேரிங் தேடி வாங்கினேன். பினியனுக்குப் பின்னால் வைக்கிற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டு, சாயம் தடவி, உருட்டிப் பார்த்து, மறுபடி பிரித்துச் சேர்த்தேன். தடம் நடுவுக்கு வந்தது. நல்ல ஆயிலை ஊற்றுகிற துளை வழியாக வழிகிற வரைக்கும் விட்டேன். மேல் நட்டை முடுக்கினேன். என் மஞ்சளை எடுத்துக் கோடு வைக்கும்போது உன் பச்சையைச் சுரண்ட மனசு வரவில்லை. விட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, சந்திரகிரிப் பக்கம் போனோம். நல்ல ரோடு. கூரையைத் திறந்து வைத்திருந்தோம். அவள் உன்னை மாதிரியே ஒரு கையைக் கதவின் மேல் போட்டுக்கொண்டு ஓட்டுகிறாள். நான் தலையைத் திருப்பிக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இந்தக் காதை நம்பி ஒரு பெண்ணை மொகிலி ஏற்றத்தில் அனுப்ப முடியுமா?

"சத்தம் ஏதாவது வருதாம்மா?" என்றேன்.

அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் நான் காருக்கடியில் புரண்டதையும், கோணியில் உட்கார்ந்துவிட்டதையும் பார்த்தவள் அவள். "இல்ல மாமா" என்றாள். "நல்லாத்தான் கீது."

அது உன் குரல். 'எவனும் கை வெக்கல மச்சான், வுடு' என்று சொன்ன அதே குரல். உன் மேல் சத்தியம் பண்ணச் சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நைனா மேல ஆணையா சொல்லு என்று கேட்கவே வாயைத் திறந்துவிட்டேன். மூடிக்கொண்டேன். ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன்.

"மஞ்சுளா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. நான் கோச்சிக்கமாட்டேன். எனக்கு வயசாயிடுச்சி, என் கை தப்பும். நீயும் ஒன் புருஷனும்தான் இந்த வண்டியில ஒக்காரப் போறீங்க. எனக்காவ இல்லன்னு சொல்லாத. சத்தம் கீதுன்னா கீதுன்னு சொல்லு. ஒங்க நைனாவ நான் சொல்லவுடல. நீயாவது சொல்லு."

அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"கீது மாமா. லேசா. ஆக்சிலேட்டர அழுத்தினா இல்ல, வுட்டா வருது."

நீ போன பிறகு எனக்கு ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். தடம் இன்னும் ஒரு நூல் தள்ளியிருக்கிறது. தகட்டை மாற்றவேண்டும், அவ்வளவுதான். வண்டியைத் திருப்பச் சொன்னேன். அவள் ஆபீசுக்குப் போன் பண்ணி லீவை நீட்டிக்கொண்டாள். நாளைக்கு மறுபடி பிரிக்கிறோம். ஊளை போனது என்று அவள் காது சொல்லும்வரை பிரிப்பேன். என் காதைக் கேட்கமாட்டேன்.

இப்போதெல்லாம் யார் என்னிடம் 'இல்லை, பரவாயில்லை' என்றாலும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. சாம்பாரில் உப்பு சரியா என்று என் வீட்டுக்காரி கேட்டு, நான் பதிலுக்கு அவளைக் கேட்டு, அவள் சரிதான் என்றால்கூட முகத்தைப் பார்க்கிறேன். எத்தனை பேர் எனக்குப் பயந்து எத்தனை மரத்தூள் போட்டு வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை. நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அதுதான்.

சித்தூருக்குப் போக நான் ஏறுகிற பஸ் காணிப்பாக்கத்துக்குள் போய்த்தான் வருகிறது. கோபுரம் தெரிந்ததும் பஸ்ஸில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து நானும் கைகூப்புகிறேன். எனக்காக எதுவும் கேட்பதில்லை. அன்றைக்கு ஈரத்துணியோடு நின்றவன் சொன்னது பொய்தான் சாமி, ஆனால் அவனைத் தண்ணீரில் இறக்கியவன் நான் என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறேன்.